பச்சை வண்டி அமைதியான கதை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

உன் அம்மாவின் முழங்காலையும் என் காதையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் இங்கே சுகம்தான். நீயும் அங்கே சுகமா என்று நான் எப்போதும் முதல் வரியிலேயே கேட்பேன், நீயும் சுகம் என்பாய், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன், பதிலும் நிஜமாக வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்காக நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதே, கதைப் புத்தகத்தையே அப்படிப் படிக்கிற ஆள் நீ. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய், அதற்கும் காரணம் இருக்கிறது. பேனா பிடித்து நாளாகிவிட்டதால் எழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். அம்மாவுக்கு இடது முழங்கால் பரவாயில்லை, வலதுதான் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சமையலறைக் குழாயை நானே கழற்றி மாட்டினேன், முன்பு சொட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒழுகுகிறது.

நம் பச்சை வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நாலைந்து மாதத்துக்கு முன் நீ கட்டம் போட்டு ஒரு அட்டவணை அனுப்பினாயே, எந்த வருஷம் வண்டி என்ன விலைக்குப் போகும், எவ்வளவு செலவைத் தின்னும், இந்த வயதில் இது தேவையா என்று, அதை அச்செடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் பதில் எழுதாததால் உனக்குக் கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கட்டங்களில் வண்டியின் விலை படியிறங்கிப் படியிறங்கிக் கடைசியில் அம்மாவின் தையல் மெஷினுக்கும் கீழே போய்விட்டது. நான் அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். புது வண்டி வாங்குகிறவன்தான் கடை வாசலைத் தாண்டும்போதே இவ்வளவு விலை விழுந்துவிட்டதே என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நம் வண்டி விழவேண்டியதெல்லாம் விழுந்து முடித்துவிட்டது, இனி விழ இடமில்லை. செலவு உண்டு, மறுக்கவில்லை. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கிறது. இன்சூரன்ஸ்காரர் வண்டியின் வயதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். இடது கதவோரத்து ரப்பர் பட்டைக்கு எழுதிப் போட்டு ஆறு வாரம் காத்திருந்தேன், வந்து சேர்ந்தது வலது கதவுக்கானது. முன்விளக்கு இரண்டும் இமையைத் திறந்துகொண்டு எழும்புமே, அதில் இடது விளக்கு இப்போதெல்லாம் ஒரு நொடி தாமதமாகத்தான் எழுந்திருக்கிறது, காலையில் நானும் அப்படித்தான் எழுந்திருக்கிறேன் என்பதால் அதைக் கண்டிக்க எனக்கு வாயில்லை.

நீ முதல் வகுப்பில் சேர்ந்த வருஷம் அதை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது உன் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியா, மூணாவது ஆளை டிக்கியிலயா வைப்பீங்க" என்று கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. முறை வைத்துப் போனோம், ஒரு ஞாயிறு நீ, ஒரு ஞாயிறு அம்மா. உன் முறை வந்தால் எனக்கு ஒரு படி கூடுதல் சந்தோஷம், ஏனென்றால் உனக்குக் காது உண்டு, அம்மாவிடம் சொல்லாதே. எட்டு வயதில் ஒருநாள் கால்களை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், "அப்பா, இந்தப் பக்கம் யாரோ நாக்கைச் சொடுக்கறாங்க" என்றாயே, இறங்கிப் பார்த்தால் எஞ்சினின் இடது ஓரத்தில் நிஜமாகவே ஒரு டிக் டிக். பம்ப் ஹவுஸில் முப்பத்தோரு வருஷம் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரிலும் பிடியைக் காதிலும் வைத்து எந்த பேரிங் சாகப்போகிறது என்று சொன்ன ஆள் நான். பெரிய இன்ஜினியர்களே வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காது பெண்ணுக்கும் வந்திருக்கிறது என்று அன்றைக்குத் தலைகால் புரியவில்லை எனக்கு.

இப்போது நடந்ததைக் கேள். கொஞ்ச காலமாக வண்டி ரொம்ப அமைதியாகிவிட்டது. வயதானால் சில மனிதர்கள் சாந்தமாகிவிடுவார்கள் இல்லையா, அதுபோல இதுவும் பக்குவப்பட்டுவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார், என்னவோ அவசரம் போல என்று வந்துவிட்டேன். உன் அம்மா வாசலில் நின்று சத்தம் தாங்கவில்லை என்று சொல்லத்தான் செய்தாள், ஆனால் அவள் வண்டி வந்த முதல் நாளிலிருந்து அதைத்தான் சொல்கிறாள். முழங்கால் மடங்காததால் அவ்வளவு தாழ்ந்த சீட்டில் அவள் உட்கார்ந்தே இரண்டு வருஷமாகிறது, கூட வந்து சொல்லவும் ஆளில்லை. ஆயில் மாற்ற நம் மெக்கானிக்கிடம் போனேன், அதே ஆள்தான், எதைக் கேட்டாலும் நாளைக்கு ரெடி என்பாரே, நீ வைத்த 'நாளைக்கு' என்ற பேர்தான் இன்னமும் நம் வீட்டில் ஓடுகிறது. வண்டி எவ்வளவு அமைதி பாருங்கள் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை ஓட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்தினேன். "சார், இது உங்களுக்குக் கேக்கலையா" என்றார். எது என்றேன். அவர் எஞ்சினை அணைக்கச் சொன்னார், இறங்கி என் பின்பக்கமாகப் போனார், சக்கரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து குனிந்து, "மூணு தடவை கூப்பிட்டேன் சார்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. பின்பக்க இடது சக்கரத்து பேரிங் போய் மாவு அரைக்கிற மெஷின் மாதிரி அலறிக்கொண்டிருந்ததாம், தெருவே காதைப் பொத்திக்கொண்டிருந்ததாம், இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தால் சக்கரம் தனி வழி, நான் தனி வழி. ஊரில் உள்ள மோட்டாருக்கெல்லாம் நாடி பார்த்தவன் தன் சக்கரம் அலறியது தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது பாப்பா. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றாள் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். முதலில் இரண்டு மூன்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கா தெரியாது, ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறாள் என்று மனசுக்குள் எண்ணி, சரியாக அந்தந்த நேரத்துக்கு அழுத்திக்கொண்டே வந்தேன். அவள் கதவைத் திறந்து, "சார், நான் ஒரு நிமிஷமா சத்தமே குடுக்கலையே" என்றாள். உன் அம்மா வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது, சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை சொல்லவில்லை. பம்ப் ஹவுஸ் மோட்டார்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். எழுதிக் கொடுத்த காகிதத்தை உன் அம்மா வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் சொல்றது எதுவுமே உங்க காதுல விழறதில்லைன்னு இத்தனை வருஷமாச் சொன்னேன், இப்ப டாக்டரே எழுதிக் கொடுத்துட்டார்" என்றாள்.

மெஷின் மாட்டி மூன்று வாரம் ஆகிறது, இரண்டு காதுக்கும். பிரிட்ஜ் இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா சமையலறையில் தனக்குத்தானே என்னைப் பற்றிப் பேசிக்கொள்வதும் இப்போது முழுசாகக் கேட்கிறது, எனக்குக் கேட்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது, நீயும் காட்டிக்கொடுத்துவிடாதே. நம் 'நாளைக்கு' மெக்கானிக் பதினோரு நாள் எடுத்துக்கொண்டு பேரிங்கை மாற்றிக் கொடுத்தார். வண்டியை எடுத்து ஏரிக்கரைச் சாலையில் மேற்கூரையை இறக்கிவிட்டு ஓட்டினேன். வெகு காலத்துக்குப் பிறகு அதன் குரலைக் கேட்டேன். அமைதியும் இல்லை பக்குவமும் இல்லை, அதே முரட்டுக் கழுதைதான், கியர் மாற்றினால் அதே உறுமல். இடது ஓரத்தில் அந்த டிக் டிக்கும் அப்படியே இருக்கிறது, நீ எட்டு வயதில் சொன்னது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன், சொல்ல வெட்கமில்லை. ஆகவே விற்கப்போவதில்லை, உன் அட்டவணை சரி, நான்தான் சரியில்லை என்று வைத்துக்கொள்.

இனி, எதற்காக இந்தக் கடிதமோ அது. டிக் டிக்கைக் கேட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சக்கரம் அலறியதே கேட்காதவனுக்குப் போனில் நீ பேசியது மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்? கேட்கவில்லை பாப்பா. ஒரு வருஷத்துக்கு மேலாகவே சரியாகக் கேட்கவில்லை, லைன் சரியில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கைவசம் மூன்று பதில் வைத்திருந்தேன், அப்படியா, சரி சரி, ரொம்ப நல்லது. உன் குரல் நின்ற இடத்தில் ஏதாவது ஒன்றை எடுத்துப் போடுவேன், பெரும்பாலும் பொருந்திவிடும். இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அம்மா கால் பயிற்சிக்குப் போயிருந்த நேரம், நீ என் போனுக்குக் கூப்பிட்டாய். நான் ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பேசினாய். குரல் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது, வார்த்தை ஒன்றும் தெரியவில்லை, சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுவதுபோல இருந்தது. கொஞ்சம் சத்தமாகப் பேசும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்ட ஆளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ நிறுத்தினாய். ரொம்ப நல்லதும்மா என்றேன். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை சொன்னாய், அது மட்டும் தெளிவாகக் கேட்டது, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா." சரி சரி என்றேன். நீ வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ அம்மா போனுக்குத்தான் கூப்பிடுகிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அப்பனுக்கும் பெண்ணுக்கும் என்ன சண்டை என்று அம்மா கேட்டாள், வண்டியை விற்கச் சொல்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி அம்மாவிடம் மூச்சு விடவில்லை. விடுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, என்னவென்றே தெரியாத ஒன்றை இரண்டரை மாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நல்ல செய்தியாக இருக்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் நல்ல செய்தியை யாராவது அம்மாவிடம் மறைப்பார்களா? உடம்பா, வேலையா, வீட்டில் மாப்பிள்ளையோடு ஏதாவதா, எதுவாக இருந்தாலும் அதை என்னிடம் சொல்லி, அதற்கு நான் ரொம்ப நல்லது என்று சொல்லி, அதையும் கேட்டுக்கொண்டு நீ இத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறாய். என்னை மன்னித்துவிடு பாப்பா. இதில் உன் தவறு ஒன்றும் இல்லை, என் காதுகூட அப்புறம்தான், என் வறட்டு ஜம்பம்தான் காரணம்.

இது உன் கைக்குக் கிடைத்தபின் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு, உனக்குக் காலை நேரம், என் போனுக்குக் கூப்பிடு. காது டாக்டரிடம் சோதனை செய்த அந்தப் பெண் போனையும் மெஷினையும் சேர்த்துவைத்துக் கொடுத்திருக்கிறாள், உன் குரல் நேராக இரண்டு காதுக்குள்ளும் வந்துவிடும். நான் ஷெட்டில் வண்டிக்குள் கூரையை ஏற்றி, கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவால் அதற்குள் குனிந்து வர முடியாது, வீட்டில் அதைவிட நல்ல இடமில்லை. உன் சீட்டில் கிடந்த துணி, டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே படுக்காதே. உன் வண்டிக்கு மாதம் ஒருமுறையாவது டயரில் காற்றுப் பார், ஏதாவது சத்தம் வந்தால் உடனே காட்டு, யார் என்ன நினைப்பார்களோ என்று இராதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் அம்மாவும் நானும் தினமும் நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, மறந்துவிடாதே. இந்த முறை நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
கேட்கக் காத்திருக்கும்
உன் அப்பா