தலைகீழாக மாட்டிய கடல்

சனிக்கிழமை

இன்று கண்காட்சியில் இருந்தவர்கள்: என் ஓவிய வகுப்புக் குழந்தைகள் பதினொருவர், அம்மாக்கள் நால்வர், மண்டபம் கொடுத்த குருக்கள் மாமா, நான்.

குழந்தைகளில் ஒருத்தியான ஸ்டெல்லா, தன் அப்பா இறந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. மீன் விற்கும் அவள் அம்மா, "படம் போட்டா பேச்சு வருமா? இன்னியோட நிறுத்திடறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

ஸ்டெல்லாவின் படத்தை, மேலே நீல வானம், கீழே மஞ்சள் மணல் என்று நினைத்து மாட்டியிருந்தேன்.

"இன்னா ஆன்ட்டி, கடலத் தலைகீழா மாட்டிக்கீறீங்க! மஞ்சள்தான் வானம்!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. பேசியவள் ஸ்டெல்லா.

"அடிப்பாவி, ஆன்ட்டியவே அதட்டறியா!" அவள் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். என் தப்பை இவ்வளவு பெருமையாக நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

"இனிமேலும் அனுப்புவியா?" என்றேன்.

"மாமியாரக் கேட்டுச் சொல்றேம்மா."

கற்பகாம்பாளே, அந்த மாமியார் மனசுக்குள் புகுந்து சரி என்று சொல்ல வை. அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் வரட்டும், தாயே.