கழுத்தில் சில்லு போன குப்பி

கொல்லம் ஆண்டு 1107, புரட்டாசி 12, திங்கள்

காலை முதல் தூறல். கன்னிப்பூ நெல் அறுவடை பாதியில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வகுப்பு பத்து மணிக்கு.

பெரிய டாக்டர் கூப்பிட்டு ஒரு கடிதம் காட்டினார். திருவனந்தபுரம் ஆபீஸ் கேட்கிறது: உங்கள் வகுப்பில் படித்து லைசென்ஸ் பரீட்சைக்கு வருகிறவர்களின் மார்க்கு வருடா வருடம் கூடுகிறதா? கூடினால் வகுப்பு நடக்கலாம். இல்லாவிட்டால் மூடிவிடுங்கள், படிக்கிறவர்கள் திருவனந்தபுரத்துக்கே வரட்டும். இந்த வருடப் பரீட்சை முடிந்ததும் பதில் போக வேண்டும்.

கூடுகிறதாவா! எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுப்பது யார்? மத்தியானமே கட்டம் போட்ட தாள் வாங்கிக் கோடு இழுத்தேன். குப்பிப் பரீட்சையில்தான் நல்ல ஏற்றம். பேர் ஒட்டாத இருபது குப்பியைப் பார்த்து உள்ளே என்ன மருந்து என்று எழுத வேண்டும். முதல் வருடம் பாதிப் பேர் தேறவில்லை. போன வருடம் எல்லாரும் பதினெட்டுக்கு மேல்.

கோடு மலைபோல ஏறும் தாளை வீட்டுக்காரியிடம் காட்டினேன். "மல ஏறுகது பிள்ளையளா, நீங்களா?" என்றாள். இவளிடம் காட்டியது என் தப்பு.

புரட்டாசி 13, செவ்வாய்

வெயில். குடைக்கம்பி ஒன்று முறிந்தது. வாங்க வேண்டியவை: கார்க்கு, கோந்து, வீட்டுக்குச் சுக்கு.

குப்பி ஒத்திகை. பையன்கள் நாலு பேரும் ஐந்தே நிமிடம். ரோசம்மா அரை மணி. கடற்கரைக்காரி, வயது முப்பது. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. ரெண்டு பிள்ளைகள். வகுப்புப் பையன்கள் ஹாஸ்டலில், இவள் பிள்ளைகளோடு இங்கே பெரியம்மா வீட்டில். ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, மோந்து, சிலதை நாக்கு நுனியில் தொட்டுத் துப்பி... எனக்கு எரிச்சல். பரீட்சைக்கு வந்தாயா விருந்துக்கு வந்தாயா என்றேன்.

"கண்ணு ஏமாத்தும் சாரே. மீன மோந்து பாக்காம எடுப்பமா?"

இவள் தேறினால் ஊர் டிஸ்பென்சரி வேலை இவளுக்கு. அங்கே பெண்கள் ஆண் கம்பவுண்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள். தேறாமல் இங்கே வகுப்பும் போனால், பிள்ளைகளை விட்டுவிட்டுத் திருவனந்தபுரம் போக இவளால் ஆகாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். இவளால் என் கோடு இறங்கிவிடுமோ என்பதுதான் என் கவலை.

புரட்டாசி 15, வியாழன்

கொட்டாரம் போனேன். பஸ்ஸில் நெரிசல். சுசீந்திரம் வரை என் கால்மேல் யாரோ ஒருத்தரின் நெல் மூட்டை.

தாசன் அங்கே மருந்துக்கடையில் இருக்கிறான். மூன்று வருடம் முன்பு என்னிடம் படித்து இருபதுக்கு இருபது வாங்கியவன். வகுப்பைப் பற்றி நாலு வரி எழுதி வாங்கிப் பதிலோடு வைக்கலாம் என்று போனது.

கடையில் கூரை ஒழுகி இரண்டு குப்பியின் பேர்ச்சீட்டு கரைந்து கிடந்தது. ஒன்று பேதியுப்பு, மற்றது வெள்ளைத் துத்தம். இரண்டும் ஊசி ஊசியாக வெள்ளை. துத்தம் கண்ணுக்குச் சொட்டு மருந்து கலக்க. பேதியுப்பு அளவுக்கு அதைக் குடித்தால் குடல் வெந்துவிடும். ஒரு கிழவர் பேதியுப்பு கேட்டு நின்றார். தாசன் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"எதுன்னு சொல்லுங்க சாரே. நம்ம வகுப்புப் பேதியுப்புக் குப்பின்னா கழுத்துல சில்லு போயிருக்கும்லா. இதுல ஒண்ணும் இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னான். தப்பு என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

நாக்கில் தொட்டுப் பார்த்தேன். கசந்தது பேதியுப்பு. துவர்த்து இழுத்தது துத்தம். கிழவருக்குக் கசந்ததைக் கொடுக்கச் சொன்னேன். நாலு வரி கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

புரட்டாசி 16, வெள்ளி

மழை. தலைவலி.

குப்பிகளை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். சில்லு போனது, பேதியுப்பு. கண்ணாடியில் குமிழி உள்ளது, துத்தம். அடி கோணல், படிகாரம். எட்டு வருடமாக அதே இருபது. தீரத் தீர அதிலேயே நிரப்பிப் பரீட்சைக்கு வைப்பதும் நான்தான்.

பையன்களைக் கேட்டேன். போன வருடத்து அண்ணன்மார் சொல்லித் தந்தார்களாம். அவர்களுக்கு அதற்கு முந்தினவர்கள். ரோசம்மா ஹாஸ்டலில் இல்லை, அதனால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிக்க? கோடு ஏறியது என்னால் இல்லை, குப்பியால். வெட்கமாக இருக்கிறது. சொன்னால் வகுப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டுக்காரி ஆறுதல் சொல்வாள் என்று நினைத்து அவளிடம் எல்லாம் சொன்னேன்.

"பேதியுப்பு கேட்டு வாறவன் உங்க குப்பியத் தேடியா வாறான்?" என்றாள். அப்புறம் மாவாட்டப் போய்விட்டாள்.

புரட்டாசி 17, சனி

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு, புதுக் குப்பி ஒரு பெட்டி வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளும் என்றார். அவ்வளவுதான். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

புரட்டாசி 19, திங்கள்

பரீட்சை. இருபதும் புதுக் குப்பி, ஒரே வார்ப்பு. பையன்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிக் கழுத்தைப் பார்த்தார்கள். பாவமாக இருந்தது. வெளியூர்ப் பரீட்சகர் ரோசம்மாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பையப் பைய மோந்துகொண்டிருந்தாள்.

பையன்கள் நாலு பேரும் பாதிக்குக் கீழே. ரோசம்மா பத்தொன்பது. நான் பின்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

புரட்டாசி 20, செவ்வாய்

பதில் எழுதினேன். மூன்று தாள் கிழித்தபின் நின்றது இது: "கூடவில்லை. பழைய குப்பிகளை அடையாளம் கண்டதால் கூடியது போலத் தெரிந்தது. பிழை என்னுடையது. இந்த வருடத்தை முதல் வருடமாக எண்ணும்படி வேண்டுகிறேன்." டாக்டர் ஒரு வார்த்தையும் மாற்றாமல் கையெழுத்திட்டார்.

இரண்டு இட்டலியோடு எழுந்துவிட்டேன்.

ஐப்பசி 9, திங்கள்

விடாத மழை. தபால் பதினொரு மணிக்கு வந்தது.

வகுப்பு இன்னும் இரண்டு வருடம் நடக்கலாம்! வருடந்தோறும் குப்பியை மாற்ற வேண்டும். கூடுகிறதா என்று அப்போது கேட்பார்களாம். பையன்களுக்கு மார்கழியில் மறு பரீட்சை. ரோசம்மாவின் லைசென்சும் அதே உறையில். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சனிக்கிழமை ஊருக்குப் போகிறாள். அதுவரை பையன்களுக்கு மோந்து பார்க்கப் பழக்குகிறாள். முற்றமெல்லாம் துப்பல். வீட்டுக்காரி வந்தால் என்னைத்தான் சொல்வாள்.

புதுத் தாளில் முதல் புள்ளி வைத்தேன். ரொம்பக் கீழே. மேலே கட்டம் நிறையக் கிடக்கிறது.

மத்தியான பஸ்ஸில் தாசன் வந்து இறங்கினான், தலையெல்லாம் நனைந்து. பையில் அந்த இரண்டு குப்பி.

"அன்னைக்கு நீங்க இல்லன்னா கெழவருக்குத் துத்தம் போயிருக்கும். வாரம் ஒருநா வாறேன் சாரே. என்னையும் சேத்துக்கிடுங்க."

பையன்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். ரோசம்மா அவனைக் கண்ணை மூடச் சொல்லி முதல் குப்பியை நீட்டினாள்.