பத்தாயிரம் தாண்டிய வண்டி

லாஹாட், ஈப்போ
சனிக்கிழமை காலை

அன்பு மகன் விக்னேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், வாரக் கடைசிக்கு ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து உன் தங்கை புனிதா வந்திருக்கிறாள், அவளும் சுகம், பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா ஏதோ இருக்கிறார். நீ அந்தக் கத்தார் வெயிலில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை, நீதான் பத்து நாளாக என்னோடு பேசுவதே இல்லையே. பார்த்தாயா, மனிதர்களை முதலில் விசாரித்துவிட்டேன். வண்டிக்கு அப்புறம் வருகிறேன்.

ஃபோனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், உனக்கு வந்திருப்பது அப்பாவின் பொறுமை இல்லை, என் கோபம். அதனால்தான் காகிதம் எடுத்தேன். எழுதி முடித்ததும் புனிதா படம் எடுத்து அனுப்புவாள், முழுக்கப் படி ஐயா, நடுவில் எழுந்து போகாதே. அப்பாவிடம் நீ சொல்லி அனுப்பிய இரண்டும் எனக்கு வந்து சேர்ந்தது. ஒன்று, வருகிற புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து லோரி வந்து உன் வண்டியை ஏற்றிக்கொண்டு போய் ஏர்கோன் போட்ட கிடங்கில் வைக்கப் போகிறார்கள். இரண்டு, அம்மா இனிமேல் எந்த வண்டியையும் தொடக் கூடாது, வீட்டிலிருக்கும் சாவியெல்லாம் அப்பா வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் விஷயம் உன் பொருள், உன் இஷ்டம். இரண்டாவதுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஆயுத பூஜையன்று நடந்ததை நீ வீட்டு வாசல் கேமராவில் பார்த்தது கால்வாசிதான். இருபத்திரண்டு வருஷம் கிலாங் பஸ் ஓட்டினேன், தொழிற்சாலைப் பெண்களைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கி, அதற்குப் பிறகு ஏழு வருஷம் பள்ளிக்கூட வேன். ஒரு வருஷம்கூடச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நான் வண்டியை வெளியே எடுத்ததில்லை, உனக்கே தெரியும். உன் வண்டி வந்த பிறகு என்ன ஆனது? மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், அதில் சந்தனம் பட்டால் பெயிண்ட் போய்விடும் என்றாய், சரி என்று சமையலறையில் பாத்திரம் மூடுகிற பிளாஸ்டிக் தாளை முன்னால் ஒட்டி அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பழம் வைக்கலாம், ஆனால் வண்டி நகரக் கூடாது, வாங்கும்போதே ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓடியிருந்தது, மீட்டர் பத்தாயிரத்துக்குள் இருந்தால்தான் மதிப்பு என்றாய். அதுவும் சரி. இரண்டு வருஷம் பழத்தை வைத்து, கற்பூரம் காட்டி, முழுசாக எடுத்தேன். பூஜையில் வைத்த பழத்தை அப்பா பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்தார். எனக்கு வயிறு எரிந்தது போ.

இந்த வருஷமும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். அப்பா பித்தளைத் தட்டோடு பக்கத்தில் நிற்கிறார், கேட் திறந்திருக்கிறது, நான் எஞ்சினைப் போட்டேன். உன் கட்டளை பத்து நிமிஷம், சரியா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்து நிமிஷம் நின்ற இடத்தில் உறும விட்டு அணைக்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்தால் உள்ளே தண்ணீர் தங்கும், புகைக் குழாய் உள்ளுக்குள் துருப்பிடிக்கும், இதை நான் எத்தனை தடவை சொன்னேன், இன்டர்நெட்டில் அப்படிப் போட்டிருக்கிறது இப்படிப் போட்டிருக்கிறது என்று வாயை அடைத்தாய். அன்றைக்கு அது உறுமிய உறுமலில் என் கால் தானாகக் கிளட்சுக்குப் போனது. முதல் கியர் போட்டேன், கியர்க் குச்சி அந்த இரும்புத் தட்டின் பள்ளத்தில் டக்கென்று விழுந்தது. அரை அடி நகர்ந்து பழம் நசுங்கினால் போதும் என்றுதான் எண்ணினேன், சத்தியம். நாலு பழமும் பட் பட்டென்று நசுங்கிய சத்தம் கேட்டதும் நிறுத்த மனசு வரவில்லை.

அப்பா கத்துகிறார், 'கலா, வேணாம்லா, அவன் ஏசுவான்லா' என்று. கேட்டுக்கு வெளியே போய் நிறுத்தினேன், ஓடி வந்து வழிமறிக்கப் போகிறார் என்று பார்த்தால் மனிதர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார், என்னைத் தடுக்கிறாராம். கையில் தட்டு, மடியில் சந்தனக் கிண்ணம், காலில் செருப்புகூட இல்லை. நம் தாமான் குடியிருப்பு முனையில் இருக்கிற வேகத்தடை மேட்டைச் சாய்வாக ஏற்றி இறக்கினேன், அடியில் ஒரு கீறல் இல்லை, வேண்டுமானால் படுத்துப் பார்த்துக்கொள். முதல் ஐந்து கிலோமீட்டர் டயர் தடதடவென்று அடித்தது, மூன்று வருஷம் ஒரே இடத்தில் நின்று ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. சூடேற ஏறச் சரியானது. வழியில் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். நீ ஓடாத வண்டிக்கு வருஷா வருஷம் ரோட்டெக்ஸ் வரியும் இன்சூரன்சும் தவறாமல் கட்டுகிறவன், அதனால் போலீஸ் பயமும் இல்லை.

சிம்பாங் பூலாயில் திரும்பி கேமரன் மலைப் பாதையில் ஏறினேன். பத்திரமாகத்தான் ஓட்டினேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். சூடேறும் வரை மெதுவாகப் போனேன், அதற்கு மேல் மிதித்தேன். லோரி எதுவும் இல்லாத ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆறாயிரத்தைத் தொட்டது, அப்போது அது கத்தின கத்தல் இருக்கிறதே, ஐயோ விக்கி, மூன்று வருஷமாக நம் வீட்டுப் போர்ச்சில் நிற்பது இதுதானா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. வளைவில் அது சாயவே இல்லை. என் பஸ் அந்த மாதிரி வளைவில் எப்படி ஆடும் தெரியுமா? அப்பா முதலில் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், அப்புறம் பேச்சையே காணோம், மயக்கம் போட்டுவிட்டாரோ என்று திரும்பினால் சிரித்துக்கொண்டிருக்கிறார். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார், நான் சொல்லிவிட்டேன். மீட்டர் பத்தாயிரத்தைத் தாண்டியதை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் முகம் விழுந்துவிட்டது. கம்போங் ராஜா ஊருக்கு முன்னாலேயே திருப்பிக்கொண்டு வந்தேன். இப்போது மீட்டரில் 10,068. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் சாமி மேடையில் வைத்துவிட்டுப் போன என் ஃபோனில் நீ முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். பாவம் பிள்ளை பதறிப் போயிருக்கிறான் என்று ஈரக் கையோடு கூப்பிட்டேன். நீ எடுத்ததும் என்ன கேட்டாய்? 'வண்டி எங்கம்மா?' அதைத்தான் கேட்டாய். அறுபத்தோரு வயதுக்காரியும் அறுபத்தாறு வயதுக்காரரும் வீட்டில் இல்லை, கேட் திறந்து கிடக்கிறது, உனக்கு வண்டி எங்கே. அதற்கு மேல் நீ ஏசியதெல்லாம் எனக்குக் காதிலேயே ஏறவில்லை. இந்த ஒன்றுதான் பத்து நாளாக அரிக்கிறது.

இதற்கு நடுவே எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், முறுக்குக்கு மாவு வறுக்கிறாள் உன் தங்கை, தீய்த்துவிடுவாள். அடுத்து என்ன சொல்ல வந்தேன்? ஆங், எண்ணெய். மறுநாள் தரையில் அம்பது சென் காசளவு எண்ணெய் சொட்டியிருந்தது, உனக்கு அப்பா படம் அனுப்பினார், நீ உடனே அம்மா அடித்து ஓட்டியதால் வந்த வினை என்றாய். மெக்கானிக் தர்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ரப்பர் சீல் ஒன்று காய்ந்து வெடித்திருக்கிறது என்றான். ஓட்டியதாலா நின்றதாலா என்று கேட்டேன். 'ரெண்டும்தான்க்கா, நின்னு நின்னு காஞ்சிடுச்சு, நீங்க ஓட்டினதும் வுட்டுடுச்சு' என்கிறான். என் பக்கம் சொல்வான் என்று பார்த்தேன், கடன்காரன் நடுவில் நின்றுகொண்டான். ஆகவே பாதிப் பழி என்னுடையது, ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியை நீ ஏற்றுக்கொள்வாயா?

உன் அப்பா இன்னும் உன் கட்சிதான், அதையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் வண்டி மூடுகிற துணியை எடுத்துவிட்டு வண்டியைத் துடைக்கிறார் அல்லவா, ஏன் இப்படித் துடைத்ததையே துடைக்கிறீர்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். ஆயர் தாவார் தோட்டத்தில் அண்ணன்மார் போட்டுக் கிழித்த சட்டையைப் போட்டு வளர்ந்தவர் அவர். 'நம்ம கைக்கு வந்ததெல்லாம் தேஞ்சுதான் வந்துச்சு கலா, ஒண்ணாச்சும் புதுசாவே இருக்கட்டுமே' என்றார்.  அது பொய்யான ஆசை இல்லை, உன் ஆசையும் அதுதான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இனிமேல் இப்படிக் கையால் கியர் போடுகிற வண்டி செய்யமாட்டார்கள், ஒன்றாவது கெடாமல் நிற்க வேண்டும் என்கிறாய். ஆனால் விக்கி, அதை நீயே ஓட்டியது மொத்தம் நாலே தடவை. கிளட்ச் மிதிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான், கைக்கும் காலுக்கும் சேருகிற அந்த நேரத்தில் உன் முகம் எப்படி மலரும் என்று நான் பார்த்திருக்கிறேன், அதை நீ எங்கே கொண்டுபோய் வைத்தாய்?

சரி, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டால் படு. மூன்று வருஷத்துக்கு முன் நீ வண்டியை வாங்கி நிறுத்திய அதே மாதம்தான் என் வேனை விற்க வைத்தாய். 'போதும்மா, நீ பட்ட பாடு போதும், ராணி மாதிரி உக்காரு' என்றாய். பாசத்தில்தான் சொன்னாய். உட்கார்ந்தேன். உட்கார்ந்து சர்க்கரை ஏறியது, முட்டி பிடித்துக்கொண்டது, மத்தியானம் எப்போது போகும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன், அப்பாவோடு ஒன்றுமில்லாததற்குச் சண்டை போடுகிறேன். கடைக்குப் போகக்கூட ஃபோன் ஆப்பில் காரைக் கூப்பிட்டு விடுகிறாய். என்னையும் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறாய் ஐயா. மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் வலி, ஆனால் இப்படிப் பசித்துச் சாப்பிட்டு எவ்வளவோ நாள் ஆகிறது.

நீ கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. பயணிகளை ஏற்றுகிற லைசன்சை நான் விடவில்லை. வேனை விற்ற பிறகும் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கண், இரத்தக்கொதிப்பு எல்லாம் காட்டிப் புதுப்பித்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது, சும்மா கையில் இருக்கட்டும் என்று. இப்போது தெரிகிறது. ராக்காயி அக்கா வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறார் அல்லவா, அந்த நிலையத்து வேன் ஓட்டுநர் போன மாதம் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்பது பேர், பாதிப் பேருக்கு நடக்கவே முடியாது, வாடகைக் கார் பிடித்து அலைகிறார்கள், போன வாரம் ஒருவர் வரவே இல்லையாம். நான் போய்ப் பார்த்துப் பேசினேன். நிலையத்தில் என்னை வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், குலுங்காமல் ஓட்டுகிறீர்கள் என்றார்கள். பின்னே, பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றி ஓட்டிய கை இது. வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் சாவி வாங்கும் வேலைக்குத் தனக்குத் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டார். நீ வேண்டாம் என்று சொல்வாய், சொல்லு, நான் போவேன். உன்னிடம் உத்தரவு கேட்கவில்லை, உன் மனசோடு போக ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

வண்டி விஷயம். சீலைத் தர்மா மாற்றிவிட்டான், பிளாஸ்டிக் தாளும் எடுத்தாயிற்று, பெயிண்ட் அப்படியே இருக்கிறது. லோரிக்காரன் வந்தால் சாவி கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை யோசி. ஒரு வாரம் லீவு போட்டு வந்து நீயே அந்த மலையில் ஓட்டு, அப்புறமும் மூடித்தான் வைக்க வேண்டும் என்று தோன்றினால் மூடி வை, நான் வாய் திறக்க மாட்டேன். வர முடியாது என்றால் ஓட்டுகிறவன் கையில் கொடுத்துவிடு. இருட்டுக் கிடங்கில் மட்டும் போடாதே. அப்பா நேற்றுத் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். முறுக்கும் நெய் உருண்டையும் தனேஸ்வரன் மாமா மகன் அங்கே வருகிறபோது கொடுத்துவிடுகிறேன், ஒரே நாளில் தின்று தீர்க்காதே, அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளி, வெறும் ஷாம்பு போடாதே. தண்ணீர் நிறையக் குடி. கண் மங்குகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா இல்லையா, அதற்குப் பதில் வேண்டும். நீ எங்கே இருந்தாலும் கைகால் சுகத்தோடு, நல்ல பேரோடு, தைரியமாக இரு சாமி, மாரியம்மா உன் கூடவே வருவாள்.

பேச வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடு, ஏசுவதற்கென்றாலும் கூப்பிடு. திங்கள், புதன், வெள்ளி மட்டும் உன் நேரம் காலை எட்டரைக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் என் பின்னால் ஒன்பது உயிர் உட்கார்ந்திருக்கும், நான் ஃபோன் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அ. கலாதேவி, வேன் ஓட்டுநர்