'ஆதரவற்ற' என்று எழுதியவள்

அக்கா,

நேற்று சடையங்குப்பத்தில் ஒரு வீட்டில் உங்களைப் பார்த்தேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துவர ஆஸ்பத்திரியிலிருந்து போயிருந்தேன். மழைத் தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. அவருடைய கையை மெல்ல நீட்டி மடக்கிக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தேன். ஒழுகும் கூரைக்கு அடியில் ஒரு பழைய பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அச்சடித்த பக்கம் உள்பக்கம். அதில் உங்கள் முகம். கீழே இருந்த எழுத்துகள் வெளுத்துப்போயிருந்தன. வெளுத்தால் என்ன, எனக்கு அவை மனப்பாடம். எழுதியது நான்தானே.

"இன்னாம்மா, மேலயே பாத்துகினு கீற?" என்று பெரியவரின் மனைவி கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன். அதற்குமேல் அவரிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நம் ஆஸ்பத்திரி சின்னது. நாலு பேர் கொடுத்தால்தான் நடக்கும். கொடுக்கச் சொல்லிக் கேட்பதும், நோயாளிகளின் வீட்டு நிலைமையை விசாரிப்பதும் என் வேலை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கால் வீங்கி நீங்கள் முதன்முதலில் வந்தபோது உங்கள் வீட்டுக்காரரும் கூட வந்தார். அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் எண்ணூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருவரும் வருவீர்கள். டயாலிசிஸ் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து அவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருப்பார். ரத்தம் சுத்தமாகி முடிகிற அந்த நாலு மணி நேரத்தில் நீங்கள் பத்துத் தடவையாவது உள்ளேயிருந்து, "யோவ், துன்னியா?" என்று குரல் கொடுப்பீர்கள். அவர் ஒரு தடவைதான் "உம்" என்பார். மார்க்கெட்டில் மீன் விற்றவர் நீங்கள்; எந்த நர்ஸ் வீட்டில் என்ன மீன் பிடிக்கும் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

இருந்த இரண்டு மிஷின்களில் ஒன்று அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. முறை தள்ளிப்போனவர்கள் வீங்கிய முகத்தோடு பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள். புது மிஷினுக்கு ஊரிடம் கேட்பது என்று முடிவாயிற்று. யாராவது ஒரு நோயாளியின் படம் வேண்டும் என்றார் ஆஸ்பத்திரிச் செயலாளர். நான் உங்களிடம் வந்தேன்.

"என் மூஞ்சிய பாத்து குடுப்பாங்கன்னா எடுத்துக்கோம்மா" என்று சிரித்தீர்கள்.

படம் எடுக்கும் அன்று அவர் கடலுக்குப் போயிருந்தார். நீங்கள் மஞ்சள் பூசிக் குளித்து, அரக்குப் புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறைய மல்லியும் கனகாம்பரமுமாக வந்தீர்கள். படம் எடுக்க வந்தவர் தயங்கினார். "கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்காங்க, மேடம்."

நான் உங்கள் அருகில் வந்து, "அக்கா, பூவை மட்டும் எடுத்துடலாமா? பொட்டையும்..." என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் எழுதினேன்: 'ஆதரவற்ற இந்தத் தாயின் உயிரைக் காக்க உதவுங்கள்.' தெரியாமல் எழுதவில்லை, அக்கா. வாசலில் வலையோடு உட்கார்ந்திருப்பவரைத் தாண்டித்தான் செவ்வாயும் வெள்ளியும் என் அறைக்குப் போவேன். அந்தச் சொல் இருந்தால் பணம் வரும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

வந்தது. மணலியில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். மார்க்கெட்டில் உங்களோடு மீன் விற்ற பெண்கள் துண்டு ஏந்தி வசூலித்துக் கொண்டுவந்தார்கள். ஆனால் பேனர்கள் கட்டிய வாரம், செவ்வாய்க்கிழமை நீங்கள் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் உங்கள் குப்பத்துக்கு ஓடிவந்தேன்.

உள்ளே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் வாசலில் நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மீன் ஏலத்துல எல்லாரு முன்னாடியும் ஒர்த்தன் கேக்கறான் மேடம், 'மச்சான், நீ எப்ப செத்த?'ன்னு. பொட்ட அழிச்சி, பூவ எடுத்து, ஆதரவில்லாதவன்னு எழுதி நடுரோட்டுல கட்டி வச்சிகிறீங்க. அப்ப நான் இன்னா? நான் உசுரோடதான கீறேன்?"

"அவுங்கள வுடுய்யா" என்றீர்கள் உள்ளேயிருந்து, மூச்சுக்கு நடுவே. "பூவ எடுத்தது நானு."

"நான்தாங்க எடுக்கச் சொன்னேன். எழுதினதும் நான்தான். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஆட்டோ இட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே பேனர்களை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தவை எங்கெங்கே போயின என்று விசாரிக்கவில்லை.

புது மிஷின் வந்த அன்று, கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல உங்களை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அதே அரக்குப் புடவை, தலை நிறையப் பூ. "குடுத்தவங்க குடும்பமெல்லாம் நல்லா இருக்கணும். ஆனா நான் ஆதரவில்லாதவ இல்ல. தோ நிக்கறாரு பாருங்க, என் வூட்டுக்காரரு. வாய்யா இங்க" என்றீர்கள். அவர் தூணுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். மணலிக்காரர்கள் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். நான் ஓரமாக நின்று அழுதேன். வயதான தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்து, "உள்ளத சொல்லியிருந்தாலும் குடுத்திருப்போம்மா" என்றார். அது அவருடைய குணம். நான் அதை நம்பாமல் போனேன்.

பிறகு ஒருநாள், ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்த உங்களிடம், "என் மேல கோபமாக்கா?" என்று கேட்டேன். "கோவம்லாம் இல்ல. அந்தப் பூவ கடைசி வரிக்கும் கீழ வெக்காம கைலயே வெச்சிகினு நின்ன. பாத்துகினுதான் இருந்தேன்" என்றீர்கள்.

அந்த மிஷினில் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தீர்கள். மகளுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்த்தீர்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, இதயம் தாங்கவில்லை. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அவர் மட்டும் வந்து வாசலில் உட்கார்ந்தார். வலை கொண்டுவரவில்லை. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மதியம் அவராகவே எழுந்து போனார்.

கேட்கிற வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். இப்போதெல்லாம் அச்சுக்குப் போகுமுன் நோயாளிக்கும் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். வேண்டாத சொல்லை அவர்களே அடிக்கிறார்கள். "இப்படி எழுதினா யார் தருவா?" என்கிறார் செயலாளர். சில சமயம் குறைவாகத்தான் வருகிறது. சிலரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் போவதைப் பார்க்கும்போது நான் செய்வது சரிதானா என்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வராமல் போன அந்தச் செவ்வாயும் வெள்ளியும் உங்கள் இதயத்தை எவ்வளவு பலவீனமாக்கின? டாக்டருக்குத் தெரிந்திருக்கும். அவர் அறை என் அறைக்கு அடுத்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட எட்டிப் பார்த்து, "இன்னும் கிளம்பலையா?" என்றார்.

"இதோ, டாக்டர்" என்றேன். இன்றைக்கும் கேட்கவில்லை, அக்கா.