குழந்தைகள் உறங்கும் அறைக்கு இரைச்சல் இல்லாத கருவி கோரி

அனுப்புநர்
தொழில்நுட்பர்,
பச்சிளங்குழந்தை செவித்திறன் ஆய்வகம்,
மகப்பேறு மருத்துவமனை, இரண்டாம் மாடி.

பெறுநர்
உயர்திரு கொள்முதல் அலுவலர் அவர்கள்,
அதே மருத்துவமனை, தரைத்தளம்.

பொருள்: செவித்திறன் ஆய்வுக் கருவி – தேர்வை மறுபரிசீலனை செய்யவும், குழந்தைகள் உறங்கும் அறையிலேயே சோதித்துப் பார்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கண்டறியும் எங்கள் ஆய்வுக்குத் தங்கள் குழு ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துள்ளது. அதற்காகத் தாங்கள் பட்ட அலைச்சலை அறிவேன். கொள்முதல் ஆணை இன்னும் போகவில்லை என்று கேள்விப்பட்டு, அவசர அவசரமாக இதை எழுதுகிறேன்.

2. இச்சோதனையைத் தூங்கும் குழந்தைக்குத்தான் செய்ய முடியும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு வில்லைகளை ஒட்டி, காதில் மெல்லிய ஒலியைச் செலுத்தி, மூளை அதை வாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்போம். குழந்தை விழித்துக் கை காலை ஆட்டினால் திரையில் வெறும் கிறுக்கல்தான் வரும்.

3. குழு கருவியைச் சோதித்தது கூட்ட அறையில். குழந்தைக்குப் பதிலாகத் தாங்களே பெரிய மனதோடு வில்லைகளை ஒட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்தீர்கள். அசந்து தூங்கியும் விட்டீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம், யார்தான் தூங்கமாட்டார்கள்? குறட்டையைப் பற்றி இம்மனுவில் குறிப்பிடப்போவதில்லை. ஆனால் குழு அதை வைத்தே ‘உறக்கத்தைக் கலைக்காத கருவி’ என்று எழுதி முழு மதிப்பெண் போட்டுவிட்டது.

4. அக்கருவிக்குள் சூடு தணிக்க ஒரு மின்விசிறி ஓடுகிறது. கூட்ட அறையின் ஏசி சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் அறையில் மாதிரிக் கருவியை வைத்ததுமே முதல் குழந்தை வீரிட்டது. “இப்பதாங்க கண்ணசந்தான், அந்த மெஷினைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்களேன்” என்று அதன் தாய் கெஞ்சினார். நானும் அவரும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்தோம். அடுத்து வந்த குழந்தைகளும், ஒருத்தியைத் தவிர, அப்படியே. சோதனை முடியாமலே வீட்டுக்குப் போனார்கள்.

5. தாங்கள் தள்ளிவிட்ட மற்ற நிறுவனத்தின் கருவி பார்க்கச் சுமார்தான். வண்ணத்திரை இல்லை, மின்விசிறியும் இல்லை. அதன் பிரதிநிதி விலைப்புள்ளி தரும் முன்பே எங்கள் அறைக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, மூலையில் உட்கார்ந்து நாங்கள் செய்யும் வேலையைப் பார்த்துவிட்டுப் போனார். பழுது வந்தாலும் இப்படித்தான் வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

6. அன்று அந்த மாதிரிக் கருவியின் இரைச்சலில் ஒரேயொரு பெண் குழந்தை மட்டும் நிம்மதியாகத் தூங்கியது. அக்கருவியின் விற்பனைப் பிரதிநிதிக்கு வாயெல்லாம் பல். எனக்கோ என் அக்கா மகள் நினைவு வந்தது. அவளும் அப்படித்தான் தூங்குவாள். குக்கர் கத்தினாலும் கதவு அறைந்தாலும் கண் திறக்கமாட்டாள். சமர்த்து, சமர்த்து என்று கொஞ்சிக் கொஞ்சி அதுவே அவள் பெயராகிவிட்டது. பேசும் வயது தாண்டிய பிறகுதான் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. நாங்கள் பாடிய தாலாட்டு ஒன்றுகூட அவளைச் சேரவில்லை.

7. அன்று தூங்கிய குழந்தைக்கும் அதே குறைதான் என்று உறுதியாகிவிட்டது. இவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது, வழி பிறக்கும். ஆனால் பாதி கேட்கும் குழந்தைகள் விழித்து அழுவார்கள், சோதனையின்றிப் போய்விடுவார்கள். அவர்களை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம், ஐயா?

ஆகவே ஆணையைச் சில நாள் நிறுத்திவைத்து, இரண்டு கருவிகளையும் எங்கள் அறையில் பார்க்கத் தாங்களே ஒருமுறை மாடியேறி வர வேண்டுகிறேன். இம்முறை தாங்கள் படுக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

நாள்: ஆணை கையொப்பமாவதற்கு முந்தைய திங்கள்
இடம்: உறங்கும் அறையின் வாசல்

பணிவுடன்,
(ஒப்பம்)
தொழில்நுட்பர்,
சமர்த்தின் சித்தி.