வாரேன் என்றாய்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. தேங்காய் உரித்தே காய்த்துப்போன கை, பேனாவையும் கடப்பாரை போலத்தான் பிடிக்கிறது. வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிந்துவிடுகிறது. ஆனாலும் நான் எழுதுகிறேன், அம்மணி! பள்ளிக்கூடத்து வாத்தியார் சாயங்காலம் என்னைப் போன்ற கிழவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு சொல் முழுதாக வந்துவிட்டால் எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.

இன்று கடையில் வால்பாறைத் தேயிலைப் பெட்டியை உடைத்தார்கள். நீ மலையிலிருந்து இறங்கி வந்த அன்று உன் சேலையில் இருந்த வாசம். அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன்.

கிணத்துக்கடவுத் தோப்பில் நான் காய் உரிப்பேன். நீ மட்டைகளை அள்ளி அடுக்குவாய். துணையை இழந்து இருவருக்கும் வெகுகாலம் ஆகியிருந்தது. "ஏனுங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்பாய். எல்லோரிடமும்தான் கேட்பாய். என்னிடம் மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பாய். அதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வெயில்காலம் பிடித்தது. என் அண்ணன் மகன் அதற்கு முன்பே கண்டுவிட்டான். "ஏனுங்க சித்தப்பா, நரைச்ச மீசைக்கு மை வாங்கியாரட்டுங்களா?" என்று தோப்புக்கே கேட்கும்படி கத்தினான். நீ மட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய்.

பிறகு வால்பாறையில் தேயிலை பறிக்கும் உன் மகளுக்குப் பேறுகாலம் வந்தது. உன்னை மோட்டார் ஏற்றிவிட வந்தேன். நீ படியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"திரும்பறப்ப என் ஊட்டுக்கே வந்துரு அம்மணி. ரண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கலாம்."

கண்டக்டர் ஊதல் ஊதினார். நீ "வாரேனுங்க" என்றாய். மோட்டார் கிளம்பிவிட்டது.

ஊரைவிட்டுக் கிளம்புகிற யாரும் சொல்லுகிற சொல் அது. நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடைபெற்றுக்கொண்டாய் என்று எண்ணினேன். மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. நீயோ சம்மதம் சொல்லிவிட்டதாக எண்ணி, முறைப்படி நான் வந்து அழைத்துப்போவேன் என்று மலையிலேயே காத்திருந்தாய். அந்த மழைக்காலம் முழுவதும், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு ஈரத்தில், மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்கு வந்தாயாம்.

தை மாதத்தில் நீயாகவே வந்து என் வீட்டு முன்னால் மூட்டையோடு நின்றாய்.

"வாரேன்னு சொன்னவளக் கூட்டியார ஒரு நடை வரக்கூடாதுங்களா?"

"போறவங்க சொல்ற வாரேன்னு நெனச்சுப்போட்டேன் அம்மணி."

"அப்ப சரின்னு சொல்ல நான் தம்பட்டம் அடிச்சிருக்கோணுங்களா?"

சிரித்தாய். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. அந்த இருமல் பிறகு நிற்கவேயில்லை. கோயமுத்தூர்ப் பெரிய டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, போன மழைக்காலத்திலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அந்த மழைக்காலத்தை நான் யாரிடம் திருப்பிக் கேட்பது?

அடுத்த மழை வருமுன் போய்விட்டாய். என் வீட்டில் நீ இருந்த நாட்கள் கொஞ்சம். காலையில் எழுந்தால் அடுப்படியில் ஒருவர் இருக்கிற சத்தம் கேட்கும். கண்ணைத் திறக்காமல் அதைக் கேட்டபடி படுத்திருப்பேன். இப்போதும் எழுந்ததும் அப்படியே கிடக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை.

இந்தக் கடிதம் முழுக்க அம்மணி என்றே கூப்பிட்டிருக்கிறேன்; உன் பெயர் எங்கும் இல்லை, பார்த்தாயா? அதன் நடுவில் ஒரு வடமொழி எழுத்து நிற்கிறது. எனக்கு அது இன்னும் வராது. தப்பாக எழுத மனமில்லை. என் சொந்தக்காரர்கள் உன்னை "அந்தம்மா" என்பதோடு சரி. உன் பெயரைச் சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை.

அந்த எழுத்தை வாத்தியார் அடுத்த வாரம் சொல்லித்தருகிறாராம். அன்றைக்கு வேறொன்றும் எழுதமாட்டேன். உன் பெயரை மட்டும் எழுதுவேன். படிக்க நீ இல்லை. எனக்குப் பின் அந்தக் காகிதத்தை எடுத்துவைக்கவும் ஒருவரும் இல்லை. எழுதுவேன்.