ஞாயிற்றுக்கிழமை காலை ரேஸும் ஜெபமும்

என் அன்பான அத்தான்,

நேற்று தனியாகத்தான் ஆரல்வாய்மொழி வரை சைக்கிளில் போய் வந்தேன். காற்று கொஞ்சமும் திருந்தவில்லை. முன்பெல்லாம் நீங்கள் முன்னால் போவீர்கள், உங்கள் அகலமான முதுகுக்குப் பின்னால் நான் சொகுசாக ஒதுங்கி வருவேன். இப்போது அந்தக் காற்று முழுவதும் எனக்குத்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுச் சிரிக்கத்தான் ஆளில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம்ம சைக்கிள் ரேஸ் அத்தான். போன வருஷம் இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் நமக்கு ஏன் இந்த வேலை என்று சிரித்தோமே, அதேதான். ரேஸ் நடக்க வேண்டிய வாரத்தில் நீங்கள் வீட்டில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டீர்கள்.

இதயம் என்றார் டாக்டர். சைக்கிள்தான் காரணம் என்றது ஊர். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தையும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் சைக்கிளைப் பின்னறையில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் முன்னால் அந்தப் பேச்சையே நான் எடுத்ததில்லை. நான் இன்னும் ஓட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ!

இந்த வருஷம் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைக்கத்தான் முடிந்தது. உங்கள் மகளுக்கு ப்ளஸ் டூ. விடிகாலையில் டியூஷன், கொண்டுவிடுவது நான். திரும்பி வந்தால் அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட வேண்டும். அப்புறம் வடசேரியில் பெயின்ட் கடையைத் திறக்க வேண்டும். சனிக்கிழமை சபை வேலை. முன்பு இரண்டு வீட்டுக்கும் நாம் இரண்டு பேர் இருந்தோம் இல்லையா?

ஒரு நாள் பெரிய புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். சித்தி மகள் கல்யாணத்துக்குக் கீரிப்பாறைச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. நேரில் போகாவிட்டால் அவர்கள் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மலை ஏறின பயிற்சியும் ஆச்சு, பத்திரிகை வைத்த மாதிரியும் ஆச்சு என்று சைக்கிளிலேயே கிளம்பினேன்.

முதல் வீட்டு மாமி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "ஏன் மக்கா, பைக்க வித்துட்டியா? கடையில யாவாரம் இல்லியா?" என்றாள், குரல் தழுதழுக்க. அடுத்த வீட்டில் என் டவுசரைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு வீட்டிலும் வெறும் வயிற்றோடு விடவில்லை. காப்பி, அவித்த மரச்சீனிக் கிழங்கு, அதற்கு மேல் சோறு. கடைசியில் முதுகில் ஒரு சக்கைப்பழத்தைக் கட்டிவிட்டார்கள். பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு பிரேக்கைப் பிடித்தபடியே மலை இறங்கினேன். பயிற்சியாம் பயிற்சி!

வரும் வழியெல்லாம் இதை உங்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொல்ல முடியாது என்பது உறைத்தது. ரொம்பத் தனியாக இருக்கிறது அத்தான்.

போன வாரம் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். "ஞாயித்துக்கெழம காலம்பற ஏழு மணிக்கு கல்லறையில வச்சு ஜெபம். பாஸ்டரய்யாவ நீதான் கூட்டிட்டு வரணும்," என்றாள். உங்கள் ஓராண்டு நினைவு ஜெபம். அதே ஞாயிறுதான் ரேஸும், ஆறு மணிக்குத் தொடங்குகிறது. சரி அக்கா என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கூடப் பிறந்தவன் அந்த இடத்தில் இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் அவளிடம் என்னவெல்லாம் கேட்பார்கள்?

டியூஷனுக்காகவும் கல்யாணத்துக்காகவும் விட்டுக்கொடுத்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. உங்களுக்காக விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோது அழுகை வந்தது. நாம் சேர்ந்து போக நினைத்த இடத்துக்கு உங்கள் பெயரைச் சொல்லியே போகாமல் இருப்பதா? யாரிடம் கேட்பது? கேட்க இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

இன்று காலையில் துணிந்து அக்காவிடம் ரேஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இன்னும் ஓட்டுதியா?"

"ஆமா அக்கா."

"அவரு பேரு குடுத்த அதே ரேஸா?"

தலையை ஆட்டினேன். அவள் துருவலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பாஸ்டரய்யாவ நான் ஆட்டோ விட்டுக் கூப்பிட்டுக்கிடுதேன். நீ கல்லறைக்கு வரண்டாம். ஜெபத்துக்கு ஊரே வரும் மக்கா. அங்க ரேஸ்ல அவருக்கு யாரு இருக்கா?"

போகிறேன் அத்தான். இந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு கடைசியாகத்தான் வருவேன், அதில் சந்தேகமே வேண்டாம். ரேஸ் முடியும் இடத்துப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனாலும் போகட்டும், முழுத் தூரமும் முடிக்காமல் இறங்க மாட்டேன். முடித்ததும் வேர்வை காய்வதற்குள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறேன். அதற்குள் ஜெபம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம்.

உங்கள் ஒரே மச்சினன்,
செல்வின்